ரத்தம் கொடுக்க யாரைக் கூப்பிடுகிறார்கள், யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த தான முகாமில் பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் வந்து விழும் கேள்விகள் இவை. சில கேள்விகள் ஆர்வத்தில் வரும், சில கோபத்தில் வரும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால் பல இடங்களில் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. நீங்கள் கொடுக்கப் போகும் மையம் சொல்வதே உங்களுக்குச் செல்லும்.

எப்போது கேட்டாலும் தட்டுப்பாடு என்கிறார்களே, நிறைய வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளக் கூடாதா?

சேர்த்து வைக்க முடியாததுதான் சிக்கலே. எடுத்த ரத்தத்தைப் பெரும்பாலான இடங்களில் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், நீர்ப்பகுதியான பிளாஸ்மா என்று பிரித்துவிடுகிறார்கள். பிளாஸ்மாவை உறையவைத்து ஓராண்டோ அதற்கு மேலோ வைத்திருக்கலாம். சிவப்பணு குளிர்பெட்டியில் 35 முதல் 42 நாள்வரை தாங்கும். பிளேட்லெட்தான் பொல்லாதது. அதைப் பொதுவாகக் குளிரில் வைப்பதில்லை; அறை வெப்பத்தில், விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைத்தாலும் 5 நாள், மிஞ்சினால் 7 நாள். அதிலும் ஒன்றிரண்டு நாள் பரிசோதனையிலேயே போய்விடும். புற்றுநோய்ப் பிரிவுகளில் பிளேட்லெட் தினமும் தேவைப்படுகிறது. நீண்ட விடுமுறை வந்து நாலு நாள் யாரும் கொடுக்க வரவில்லை என்றால் ஐந்தாம் நாள் அலமாரி காலி.

கொடுப்பவர்களை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்?

விளம்பரத்தைவிட நேரில் கேட்பதுதான் அதிகம் பலிக்கிறது. ஏன் இதுவரை கொடுத்ததில்லை என்று கேட்டால் ஊசி பயம் என்பார்கள், நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் "யாரும் என்னிடம் கேட்கவே இல்லையே" என்பார்கள். கல்லூரி, அலுவலகம், தொழிற்சாலை, வழிபாட்டுத் தலம் என்று கூட்டம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோவது இதனால்தான். கூட வேலை பார்ப்பவர் போய்ப் படுத்தால் தயங்குகிறவரும் பின்னாலேயே போவார்.

இந்த வழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. லண்டனில் 1921-ல் ஒரு மருத்துவமனை அவசரமாக ரத்தம் வேண்டுமென்று செஞ்சிலுவைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையை அழைத்தது. கிளைச் செயலாளர் பெர்சி ஆலிவர் சிலரை அழைத்துக்கொண்டு ஓடினார். அப்புறம் ஒவ்வொரு முறையும் இப்படி ஓட முடியாது என்று, சம்மதித்தவர்களின் ரத்த வகையையும் அவர்களை எப்படி அழைப்பது என்பதையும் அட்டைகளில் எழுதி அடுக்கிவைத்தார். இன்றைய தகவல் தளங்களும் அடிப்படையில் அதே அட்டைப் பெட்டிதான்.

உண்மையான சவால் முதல்முறை வரவழைப்பது அல்ல, இரண்டாம் முறை வரவழைப்பது. முதல்முறை கொடுத்தவர்களில் பலர் திரும்புவதே இல்லை. ஸ்டாக்ஹோமில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: உங்கள் ரத்தம் நோயாளிக்குப் போனதும் உங்கள் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். வேறு சில நாடுகளிலும் இதைச் செய்கிறார்கள். பாராட்டுச் சான்றிதழ், சாவிக்கொத்து, டி-சட்டை எல்லாவற்றையும்விட இந்த ஒற்றை வரிக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

பெரிய விபத்தோ பேரிடரோ நடந்தால் உடனே ஓடிப்போய்க் கொடுப்பதுதானே சரி?

மனசு நல்ல மனசு. ஆனால் அன்று காயம்பட்டவருக்கு ஏறுவது ஏற்கெனவே பரிசோதனை முடிந்து அலமாரியில் இருந்த ரத்தம், அதாவது போன வாரமோ போன மாதமோ யாரோ சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போனது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று கொடுத்தார்கள். பிழைத்தவர்களுக்குத் தேவைப்பட்டதோ மிகக் குறைவு. சேர்ந்ததில் கணிசமான பகுதி காலாவதியாகிக் கொட்டப்பட்டது. ஒரே வாரத்தில் எல்லாரும் கொடுத்துவிட்டதால் அடுத்த சில வாரங்களுக்கு அவர்களில் யாரையும் கூப்பிடவும் முடியாது. பேரிடர் நாளில் உங்கள் மையம் கேட்டால் போங்கள். கேட்கவில்லை என்றால் இரண்டு மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும்.

நோயாளியின் சொந்தக்காரர்களையே கொடுக்கச் சொல்வது சுலபம்தானே?

பல நாடுகளில் இன்னும் அப்படித்தான் நடக்கிறது. அவசரத்துக்கு ஓடுகிறது, ஆனால் அதில் இரண்டு கோளாறு. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே நிற்கும் மைத்துனரிடம் "கடந்த மூன்று மாதத்தில் புதிதாக யாரோடாவது உறவு இருந்ததா?" என்று கேட்டால், பக்கத்தில் மாமனார் நிற்கும்போது உண்மையான பதில் வராது. இரண்டாவது, கொடுக்க ஆள் கிடைக்காத குடும்பம் காசு கொடுத்து யாரையாவது "தம்பி மாதிரி" என்று அழைத்துவரும். தானாக முன்வந்து, திரும்பத் திரும்பக் கொடுப்பவரிடம்தான் தொற்று மிகக் குறைவாக இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1975 முதல் கேட்டுவருவதும் இந்தத் தன்னார்வக் கொடையைத்தான்.

சரி, காசு கொடுத்தால் கூட்டம் கூடுமே?

கூடும். பிரச்சினையும் கூடும். 1970-ல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டன் சமூகவியல் அறிஞர், விற்கப்படும் ரத்தத்தில் தொற்று அதிகம் என்றும், பணத் தேவை இருப்பவர் தன் நோயை மறைப்பார் என்றும் வாதிட்டார். அந்த வாதம் பல நாடுகளின் கொள்கையை மாற்றியது.

பிளாஸ்மா விஷயத்தில் நிலைமை வேறு. அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் பிளாஸ்மா கொடுப்பவருக்குப் பணம் தருகிறார்கள். உலகம் முழுக்கப் போகும் பிளாஸ்மா மருந்துகளில் பெரும்பங்கு அப்படி வந்ததே. தொழிற்சாலையில் அந்தப் பிளாஸ்மாவை வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் பதப்படுத்திக் கிருமிகளை அழிக்கலாம். சிவப்பணுப் பைக்கு அப்படிச் செய்வது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. பரிசு அட்டை, ஒரு நாள் விடுப்பு போன்ற சிறு ஊக்கங்கள் ஆபத்தைக் கூட்டாமல் வரவைக் கூட்டுகின்றன என்று பிற்காலக் கள ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே டிட்மஸ் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

யார் கொடுக்கலாம், கூடாது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

முகாமில் இருக்கும் மருத்துவரோ செவிலியரோ அல்ல; அவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை. நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ சுகாதாரத் துறையின் நிபுணர் குழுவோ விதியை எழுதுகிறது. ரத்த சேவை அதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாம், தளர்த்த முடியாது.

ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இரண்டில் ஒரு கேள்வி இருக்கும். கொடுப்பவருக்குக் கெடுதல் வருமா? பெறுபவருக்குக் கெடுதல் வருமா? எடை, ஹீமோகுளோபின், கர்ப்பம், இதய நோய் எல்லாம் முதல் வகை. பச்சை குத்தியது, பயணம், உடலுறவு எல்லாம் இரண்டாம் வகை. உங்களைத் திருப்பி அனுப்பினால் எந்த வகை என்று கேளுங்கள், பாதிக் கோபம் அப்போதே போய்விடும்.

எல்லாப் பையையும் பரிசோதிக்கிறார்களே, அப்புறம் எதற்கு இவ்வளவு அந்தரங்கக் கேள்வி?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி.

கிருமி உடலுக்குள் நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் தெரியும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் அது தெரிய மூன்று வாரம் அளவுக்கு ஆகலாம். வைரஸின் மரபுப்பொருளையே நேரடியாகத் தேடும் புதிய சோதனை அதைப் பத்து நாள் அளவுக்குக் குறைத்துவிட்டது. குறைத்தது, இல்லாமல் ஆக்கவில்லை. அந்தப் பத்து நாளில் கொடுத்த ரத்தம் சோதனையில் சுத்தம் என்று வரும், நோயாளிக்குத் தொற்றும். ஒரே கொடை மூன்று பையாகப் பிரிந்து மூன்று பேருக்குப் போகலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த இடைவெளியை எந்த இயந்திரமும் மூடுவதில்லை. உங்கள் பதில் மட்டுமே மூடும்.

அதோடு, எல்லாக் கிருமிக்கும் எல்லா இடத்திலும் சோதனை நடப்பதில்லை. மலேரியாவுக்குப் பல நாடுகளில் ரத்தத்தைச் சோதிப்பதைவிட "எங்கே போய்வந்தீர்கள்?" என்று கேட்பதுதான் முதல் அரண்.

பாக்டீரியாவுக்கான ஒரு சின்ன ஏற்பாட்டை அடுத்தமுறை படுத்திருக்கும்போது கவனியுங்கள். ஊசி ஏறியதும் ரத்தம் நேராகப் பெரிய பைக்குப் போகாது. பக்கத்தில் தொங்கும் சிறு பைக்குள் முதல் 30, 40 மில்லி இறங்கும். ஊசி தோலைத் துளைக்கும்போது தோலின் ஒரு துணுக்கையும் அதிலுள்ள கிருமியையும் இழுத்துக்கொண்டு வரக்கூடும் என்பதால் முதலில் வருவதை ஒதுக்கிவிடுகிறார்கள். சோதனைக் குழாய்களை அந்தச் சிறு பையிலிருந்தே நிரப்பிக்கொள்வார்கள், வீண் போகாது.

நன்றாகத்தான் இருக்கிறேன். ஹீமோகுளோபின் குறைவு என்று அனுப்பிவிட்டார்களே?

மிக அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுவது இதற்காகத்தான், அதிலும் பெண்கள். டெசிலிட்டருக்கு 12.5 கிராம் என்பது பரவலான கீழ் வரம்பு. ஆண்களுக்கு 13 அல்லது 13.5 என்று வைத்திருக்கும் நாடுகளும் உண்டு. 12.3 இருந்தால் நீங்கள் நோயாளி என்று அர்த்தமில்லை. உங்களிடம் எடுத்துக்கொள்ள மிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

பழைய முறை ஒன்று இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசல் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டை அதற்குமேல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது, 1.053. ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல் இருந்தால் சொட்டு கனமாகி 15 விநாடிக்குள் விறுவிறுவென்று அடிக்குப் போகும். குறைவென்றால் பாதியில் தயங்கும், மேலே ஏறும். மின்சாரம் வேண்டாம், செலவும் சொற்பம். ஆனால் கடந்தாயிற்றா இல்லையா என்று மட்டும்தான் அது சொல்லும். எண் வேண்டுமென்றால் கருவிதான்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச்சத்துக் கையிருப்பு காலியாகியிருக்கலாம் என்பதைப் பல முகாம்களில் சொல்வதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒருமுறை 450 மில்லி கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும், சிவப்பணு சில வாரங்களில். இரும்பு திரும்ப, மாத்திரை இல்லாமல் பல மாதங்கள் பிடிக்கலாம். இங்கிலாந்தில் சுமார் 45,000 கொடையாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. இடைவெளியைக் குறைத்தால் அதிக ரத்தம் கிடைக்கிறது, ஆனால் ஹீமோகுளோபினும் இரும்பும் இறங்குகின்றன என்று அது காட்டியது. அங்கே ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் இடைவெளி. அமெரிக்காவில் இருபாலருக்கும் 8 வாரம். அடிக்கடி கொடுப்பவராக இருந்தால் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை ஒன்றை நீங்களாகவே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வயது, எடை?

பொதுவாக 18 முதல் 65 வரை. 16, 17-லேயே அனுமதிக்கும் நாடுகளும், தொடர்ந்து கொடுப்பவருக்கு மேல் வரம்பை நீட்டும் நாடுகளும் உண்டு. எடை 50 கிலோ. 350 மில்லி மட்டும் எடுக்கும் இடங்களில் 45. எடை குறைந்தவர் உடலில் ரத்தமும் குறைவு, அதே அளவை எடுத்தால் மயக்கம் வரும்.

சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கொடுக்கலாமா?

கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கொடுக்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்பவரைச் சில நாடுகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. நோயை மறைக்காமல் மாத்திரைச் சீட்டையே கையில் எடுத்துப் போங்கள்.

எதிர்பாராத இடத்தில் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடும் தடுக்கப்படுவது உங்கள் நன்மைக்காக அல்ல. உங்கள் ரத்தம் கர்ப்பிணி ஒருவருக்கு ஏறினால் சிசுவைப் பாதிக்கலாம். அதனால் நிறுத்திய பிறகு ஒரு மாத அளவுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள். டூட்டாஸ்டிரைடு என்றால் ஆறு மாதம். ஆஸ்பிரின் சாப்பிட்டவர் முழு ரத்தம் கொடுக்கலாம், பிளேட்லெட் மட்டும் சில நாள் கூடாது.

பச்சை குத்திக்கொண்டேன், பல் பிடுங்கினேன், தடுப்பூசி போட்டேன்…

பச்சை குத்தியதற்கும் காது மூக்கு குத்தியதற்கும் பெரும்பாலும் 3 மாதம் முதல் ஓராண்டுவரை. பல்லுக்கு ஒரு நாள் முதல் சில நாள்: பிடுங்கும்போது வாயிலுள்ள பாக்டீரியா கொஞ்ச நேரம் ரத்தத்தில் சுற்றும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிக்கு நான்கு வாரம். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் காத்திருக்கவே வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு, நாட்டைப் பொறுத்து, ஆறு வாரம் முதல் ஓராண்டுவரை. மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தால் மூன்று மாதமோ அதற்கு மேலோ.

ஒரு பாலின உறவில் இருக்கும் ஆண்கள் கொடுக்கவே கூடாதா?

பல நாடுகளில் இப்போது கொடுக்கலாம். 1980-களில், எய்ட்ஸுக்குச் சரியான சோதனை இல்லாத நாளில், ஆணோடு உறவு கொண்ட எந்த ஆணும் வாழ்நாள் முழுக்கக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் தடை போட்டன. அன்று அதற்குக் காரணம் இருந்தது. சோதனைகள் கூர்மையான பிறகும் தடை பல ஆண்டு அப்படியே நின்றதற்குப் பயம்தான் காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்கா 2015-ல் அதை 12 மாதமாகவும், 2020-ல் 3 மாதமாகவும் குறைத்து, 2023-ல் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கும் முறைக்கு வந்தது. பிரிட்டன் 2021-லேயே அதற்கு மாறியிருந்தது, இத்தாலி 2001-லேயே. நீங்கள் யார் என்பதை விட்டுவிட்டு, கடந்த மூன்று மாதத்தில் புதிய துணையோ பல துணைகளோ இருந்தார்களா, எப்படிப்பட்ட உறவு என்று கேட்கிறார்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரும் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அது தொற்றைச் சோதனையிலிருந்து மறைக்கக்கூடும். எல்லா நாடும் இன்னும் மாறவில்லை.

இதேபோல மாடுகளுக்கு வந்த பைத்திய நோய்க்குப் பயந்து, 1980, 90-களில் பிரிட்டனில் வாழ்ந்தவர்களைப் பல நாடுகள் நிரந்தரமாக ஒதுக்கிவைத்திருந்தன. ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 2022-ல் அதை விலக்கிக்கொண்டன. பத்தாண்டுக்கு முன் உங்களிடம் "ஒருபோதும் முடியாது" என்று சொல்லியிருந்தால் இன்னொருமுறை கேட்டுப்பார்ப்பது தப்பில்லை.

என் ரத்த வகை எல்லாருக்கும் இருப்பதுதான். நான் தேவைப்படுவேனா?

எல்லாருக்கும் இருக்கும் வகை என்றால் நோயாளிகளுக்கும் அதே வகைதான். ஓ நெகட்டிவ் அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றலாம் என்பதால் அவர்களுக்கு அடிக்கடி அழைப்பு வரும். பிளாஸ்மாவில் கணக்கு தலைகீழ். அங்கே எல்லாருக்கும் பொருந்துவது ஏபி.

ஏ, பி, ஆர்எச் (பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது) தவிர நூற்றுக்கணக்கான உட்பிரிவுகள் உண்டு. தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுக்க ஏற்ற வேண்டியிருப்பதால் உட்பிரிவும் பொருந்த வேண்டும். உட்பிரிவு பரம்பரையாக வருவது. அதனால்தான் ரத்த சேவைகள் குறிப்பிட்ட சமூகத்தினரைத் தனியாக அழைக்கின்றன. யாரையும் ஒதுக்குவதற்காக அல்ல. 1952-ல் கண்டறியப்பட்ட பம்பாய் வகை என்ற ரத்த வகை உள்ளவர்களுக்கு ஓ வகைகூட ஒத்துவராது, பம்பாய் வகைக்காரரே கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் எண் யாரிடமாவது பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவு அரிது.

ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது.

பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 முறை கொடுத்தவர். ஆர்எச் வகை பொருந்தாதபோது தாயின் உடல் சிசுவின் ரத்தத்தைத் தாக்காமல் காக்கும் மருந்து அவர் பிளாஸ்மாவிலிருந்து தயாரானது. ஊசி ஏறுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 81 வயதில் வயது வரம்பு வந்துதான் நிறுத்தினார். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், படுத்திருக்கும்போது கால் தசைகளை இறுக்கி இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைக்கும். எழுந்ததும் ஓடாதீர்கள். மயக்கம் கட்டிலில் மட்டும் வருவதில்லை, நாற்காலியிலும் வாசலிலும் வரலாம்.

கூட வந்தவர்கள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் கொடுத்துவிட்டேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது?

இப்படி நடக்கும் என்று ரத்த சேவைகளுக்குத் தெரியும். அலுவலக முகாம்களில் இது சகஜம். கிளம்பும்போது கொடுத்த சீட்டில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். உடனே அழைத்து "என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்றால் போதும். பல மையங்களில் காரணம்கூடக் கேட்பதில்லை. பையிலுள்ள எண்ணை வைத்து ஒதுக்கிவிடுவார்கள், உடன் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியவராது. கொடுத்த சில நாளில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தாலும் அதே எண்ணுக்குச் சொல்லுங்கள். பிளேட்லெட் சீக்கிரமே வெளியே போய்விடும் என்பதால், மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம்.